போன் யாருடையது, எப்போது கைக்கு வருகிறது: வேலூர்ப் பக்கம் பிள்ளைகளின் போன் பழக்கத்தை ஆராயக் கிளம்புகிறவர்களுக்கு

டிசம்பர், ஜனவரி வந்தால் போதும். எம்.எஸ்.டபிள்யூ., பி.எட். படிக்கிறவர்கள் நாலைந்து பேராவது ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து "இதக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று நிற்பார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: வேலூர் மாவட்டப் பள்ளி மாணவர்களிடையே கைபேசிப் பயன்பாட்டின் தாக்கம். முதல் கேள்வியும் ஒன்றுதான்: நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கைபேசி பயன்படுத்துகிறீர்கள்? கீழே நாலு கட்டம்.

நானும் இதே கேள்வியோடு கிளம்பின ஆள்தான், அதனால் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. தாளைக் கொடுத்துவிட்டு நான் மேஜைப் பக்கம் நிற்கிறேன், வகுப்பு ஆசிரியை பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து "ஒழுங்கா உண்மையை எழுதுங்க" என்று ஒவ்வொரு தாளாக எட்டிப் பார்க்கிறார். முக்கால்வாசிப் பேர் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். மணி அடித்து வெளியே வந்தால், வாசல் பெட்டிக்கடையில் ஒரு பையன் பிடித்துக்கொண்டான். "சார், அது எங்க நைனா போனு சார். வேலைக்கு எடுத்துகினு பூடுவாரு. அவரு தூங்கனப்புறம் நான் பாத்துகினு இருப்பேன். அத எந்தக் கட்டத்துல போடறது?"

என் கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. நான் போன பெரும்பாலான வீடுகளில் போன் பிள்ளையுடையது அல்ல, வீட்டுடையது. அது காலையில் ஒருத்தரோடு வேலைக்குப் போகும், சாயங்காலம் திரும்பும், அம்மா கைக்கு வரும், தம்பி பிடுங்குவான், சார்ஜ் போட்ட இடத்தில் கிடக்கும். அதனால் பிள்ளையிடம் மணிக்கணக்கு கேட்பதைவிட, போனைப் பின்தொடர்ந்து போங்கள். கீழே சொல்கிறதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் தலைப்பிலிருந்து "தாக்கம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் போய் ஒரு தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு வந்தால் என்ன பழக்கம் இருக்கிறது என்று சொல்லலாம், அதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாது. போன் பார்த்ததால் மார்க் குறைந்ததா, மார்க் குறைந்து வீட்டில் திட்டு வாங்கி வாங்கி போனுக்குள் போய் உட்கார்ந்தானா? இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் அதே பிள்ளைகளைப் பல மாதம் தொடர வேண்டும். நாலு மாத புராஜெக்ட்டில் அது நடக்காது. சின்னதாக, கையில் அடங்குகிற மாதிரி கேளுங்கள்: பேர்ணாம்பட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டு போன் எப்போது, யார் அனுமதியோடு கிடைக்கிறது, கிடைத்தால் என்ன செய்கிறார்கள்? இது போதும்.

"வேலூர் மாவட்டம்" என்று எழுதுமுன் எந்த வேலூர் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சம் பேர், ஆனால் அது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்த பழைய மாவட்டம். 2019ல் மூன்றாகப் பிரித்த பிறகு நம்மிடம் மிஞ்சியது, அதே 2011 கணக்குப்படி, சுமார் 16 லட்சம். ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூரில், ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டையில். வட ஆற்காடு என்று இன்னமும் சொல்கிற பெரியவர்கள் 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த மாவட்டத்தை மனதில் வைத்துப் பேசுவார்கள். பழைய எண்ணைப் புது வரைபடத்தில் ஒட்டிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டினதையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே இருப்பதைப் படித்துவிட்டுப் போங்கள், ரொம்ப வேண்டாம், இரண்டு போதும். ஒன்று, பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வெளியிடுகிற அசர் அறிக்கை. 2023ல் அவர்கள் 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் எடுத்தது பெரம்பலூர், வேலூர் அல்ல, அதனால் அந்த எண்களை நம்ம ஊர் எண்ணாக எழுதிவிடாதீர்கள். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்தது பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். வீட்டில் போன் இருப்பது வேறு, நம்முடையது என்று இருப்பது வேறு. இன்னொன்று அவர்கள் செய்த வேலை: "உனக்கு நெட்டில் தேடத் தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தவில்லை. போனைக் கொண்டுவரச் சொல்லி அலாரம் வை, இதைத் தேடு, இந்த யூடியூப் வீடியோவைக் கண்டுபிடி, மேப்பில் அந்த ஊருக்கு எவ்வளவு நேரமாகும் பார் என்று செய்துகாட்டச் சொன்னார்கள். சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, குளோபல் கிட்ஸ் ஆன்லைன் என்ற திட்டத்தின் கேள்வித் தொகுப்பு. யுனிசெஃப்பின் இன்னொசென்டி ஆய்வு மையமும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் சேர்ந்து, ஐரோப்பாவில் முன்பே நடந்த ஆய்வை மற்ற நாடுகளுக்கும் பொருந்துகிற மாதிரி விரித்தது. 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான கேள்விகள், பெற்றோருக்கான கேள்விகள், நேர்காணலுக்கான வழிகாட்டி எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அப்படியே தமிழில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள், ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

சொற்கள்தான் முதல் பள்ளம். "இணையம் பயன்படுத்துகிறாயா?" என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன், இல்லை என்றது. "யூடியூப் பார்ப்பியா?" என்றால் தினமும் என்றது. அதற்கு இணையம் என்பது பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு சொல், அவ்வளவுதான். கையில் இருப்பது நெட்டு. "சமூக ஊடகம்" என்றால் முழிக்கும், இன்ஸ்டா என்றால் சிரிக்கும். "ஐடி இருக்கா?" என்றால் பையன்கள் ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டின் ஐடியைத்தான் சொல்வார்கள், இன்ஸ்டா கணக்கை அல்ல. அதனால் கேள்வித்தாளை அச்சடிக்குமுன் அஞ்சு பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கேட்காமல், "இது என்ன கேட்குதுன்னு உனக்குப் புரியுது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு மதியம் போகும், ஆனால் பாதிக் கேள்விகள் மாறிவிடும். பேர்ணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் நிறைய. பள்ளியில் தமிழில் பதில் சொல்கிற பிள்ளை வீட்டில் எந்த மொழியில் வீடியோ பார்க்கிறது, மைக்கை அழுத்தி எந்த மொழியில் தேடுகிறது என்பதே தனியாக ஒரு கேள்வி.

அனுமதி

இதில் குறுக்கு வழி கிடையாது. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கடிதம், அதைக் காட்டித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி. உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் அதன் ஒப்புதல் எல்லாவற்றுக்கும் முன்னால். அப்புறம் பெற்றோர், அப்புறம் பிள்ளை. பல பேர் பெற்றோரோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்தில் சம்மதமும் பிள்ளையிடமே வாங்கச் சொல்கிறது. அது மருத்துவ ஆராய்ச்சிக்காக எழுதியதுதான், ஆனால் நம்ம வேலைக்கும் நல்ல அளவுகோல். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, பிளஸ் டூ படிக்கிற பெரிய பையன் என்று விட்டுவிடாதீர்கள்.

படிவத்தைப் பையனிடம் கொடுத்து அனுப்பினால் அவனே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருவான், நாம் எல்லோரும் செய்ததுதான். பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் போய், படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி வாங்குங்கள்.

பிள்ளையிடம் "நீ சொல்றத யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். யாரோ படம் கேட்டு மிரட்டுகிறான் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் நீங்கள் சும்மா இருக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் விட்டால் உங்களுக்கே தண்டனை உண்டு. அதனால் பேச ஆரம்பிக்கும்போதே "உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா மட்டும், உங்கிட்ட சொல்லிட்டு, உதவி செய்யறவங்ககிட்ட சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பண மோசடி என்றால் 1930. இரண்டையும் ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் ஊரே பார்க்கும்.

எங்கே, எப்போது போவது

கூகுள் ஃபார்ம் வேண்டாம். போன் யாரிடம் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆராய்ச்சியைப் போன் இருப்பவர்களிடம் மட்டும் கேட்கிற வேலை அது. பள்ளியோடும் நிறுத்தாதீர்கள், பத்தாவதோடு நின்று ஷூ கம்பெனிக்கோ கடைக்கோ போய்விட்ட பதினாறு வயதுப் பையன் கையில்தான் சொந்தச் சம்பளத்தில் வாங்கின போன் இருக்கும், அவன் பள்ளிக் கணக்கில் வரவே மாட்டான். சத்துவாச்சாரி அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையையும் பீஞ்சமந்தை மலைப் பிள்ளையையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். மலையூர்களில் டவர் கிடைக்கிற இடம் என்று ஒன்று இருக்கும், பிள்ளைகளுக்கு அது அத்துப்படி. பள்ளியில் உட்கார்ந்து கேட்பதைவிட அந்த இடத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் அதிகம் தெரியும்.

மார்ச், ஏப்ரல் பரீட்சைக் காலம். மே மாதம் நம்ம வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, அதோடு வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் "நேத்து என்ன பண்ணே?" என்று கேட்டால் வருகிற பதில் வருஷத்தின் எந்த நாளுக்கும் பொருந்தாது. ரமலான் மாதத்தில் பேர்ணாம்பட்டில் தூங்குகிற நேரமே மாறியிருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பார்த்தான் என்று எழுதிவைத்துக்கொண்டு பதறாதீர்கள்.

கேட்கிற விதம்

மணிக்கணக்கு கேட்காதீர்கள் என்றேன். அதற்குப் பதில் நேற்றைய தினத்தைக் கேளுங்கள். "பொதுவா" என்று ஆரம்பித்தால் பிள்ளை நல்ல பிள்ளையாகிவிடும், "நேத்து" என்றால் யோசிக்கும். நேத்து பள்ளி விட்டு வீட்டுக்கு வரும்போது போன் எங்கே இருந்தது? யார் கையில்? நீ கேட்டியா, அவங்களே குடுத்தாங்களா? சாப்பிடும்போது? படுக்கும்போது? சின்னப் பிள்ளைகளுக்கு நான் புளியங்கொட்டை பத்து கொடுப்பேன். சாயங்காலம் நாலரையிலிருந்து ஒன்பதரை வரை, ஒரு கொட்டை அரை மணி நேரம். விளையாட்டு, படிப்பு, டிவி, போன், வீட்டு வேலை, சும்மா என்று தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைக்கச் சொன்னால் சண்டை போட்டுக்கொண்டு வைப்பார்கள். "டேய், நேத்து நீ எங்கூடதான இருந்தே, படிப்புல மூணு வெக்கிற?" என்று பக்கத்தில் இருப்பவனே சரிபார்த்துவிடுவான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் வீட்டின் படம் வரையச் சொல்லுங்கள். வாசல், அடுப்பு, கட்டில், சார்ஜர் இருக்கிற பிளக். போன் எங்கெங்கே போகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பெண் பிள்ளை சார்ஜர் பக்கத்திலேயே தன் பாயை வரைந்திருந்தாள். ஏன் என்றால், சார்ஜ் ஏறும்போது மட்டும்தான் அண்ணன் கேட்கமாட்டான்.

முடிந்தால் ஒரு வீட்டுக்காவது போய் ஒரு சாயங்காலம் இருங்கள். குடியாத்தத்தில் ஒரு பீடி சுற்றுகிற வீடு. அம்மா மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் யூடியூப்பில் சீரியல். இரண்டு கையிலும் தூள், விளம்பரம் வந்தால் தொட முடியாது. பக்கத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது. "பாப்பா, தள்ளு" என்று அம்மா சொல்வதற்கு முன்பே, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அதன் விரல் போய் ஸ்கிப்பை அழுத்திவிட்டு வருகிறது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து தடவை. இதைப் பிள்ளையின் போன் பயன்பாடு என்று எழுதுவதா, அம்மாவுடையது என்றா? நான் இரண்டு பக்கமும் எழுதி, பக்கத்தில் ஒரு குறியும் போட்டேன். அப்பாவுக்கு ரீசார்ஜ், பாட்டிக்குக் கேஸ் புக்கிங், ஓடிபி படித்துச் சொல்வது என்று வீட்டுக்காகப் பிள்ளைகள் போனில் செய்கிற வேலை எவ்வளவோ இருக்கிறது. கெட்டதை மட்டுமே தேடுகிற கேள்வித்தாளில் இவை எதுவும் விழாது.

எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று காட்ட போனிலேயே டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்து எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். வாய்ச்சொல்லைவிடத் துல்லியம்தான், மனிதர்கள் தங்கள் திரை நேரத்தைத் தப்பாகத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் நாலு பேர் கை மாறுகிற போனில் அது வீட்டின் கணக்கைக் காட்டும், பிள்ளையின் கணக்கை அல்ல. பிள்ளையையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்த மூணு மணி நேரம் யூடியூப் யாருடையது?" என்று பங்கு பிரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சே பெரிய தரவு. திரையைப் போட்டோ எடுக்காதீர்கள், மேலே யாருடைய வாட்ஸ்அப் செய்தியாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வயது பற்றிக் கேட்கும்போது நிதானம். இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்சம் 13 வயது, அதனால் பதினோரு வயதுப் பிள்ளை பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத்தான் உள்ளே போயிருக்கும். "யார் ஆரம்பிச்சுக் குடுத்தாங்க?" என்று கேட்டால் சித்தப்பா பையன் என்று சொல்லும். "ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டால் பேட்டி அங்கேயே முடிந்தது.

இங்கே என் இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, ஒரு வாரம் போன் பார்த்த நேரத்தையும் பார்த்ததையும் எழுதச் சொன்னேன். புத்தகங்களில் எல்லாம் நாட்குறிப்பு முறையைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். ஒரு பிள்ளையின் நோட்டை அண்ணன் எடுத்துப் படித்துவிட்டான். ரீல்ஸ் என்று நாலு இடத்தில் எழுதியிருந்தது, ஒரு இடத்தில் தோழியின் அண்ணன் பெயர். அதோடு அந்த வீட்டில் அவளுக்குப் போன் கிடையாது, டியூஷனுக்குத் தனியாகப் போவதும் நின்றது. வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன், "நீங்க கேட்டதாலதான சார் எங்களுக்குத் தெரிஞ்சுது" என்றார் அவள் அப்பா, நன்றி சொல்கிற மாதிரி. அன்றிலிருந்து பிள்ளை தன்னைப் பற்றி எழுதின எதையும் வீட்டில் தங்கவிடுவதில்லை. புளியங்கொட்டையை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டால் தடயம் இல்லை.

எழுதும்போது

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு மலைக்கிராமம், எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரே பெண்" என்று எழுதினால் ஊர்க்காரர் யாருக்கும் தெரிந்துவிடும். பிள்ளையின் இன்ஸ்டா வரியை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள், தேடினால் கிடைத்துவிடும், சாரத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பிள்ளைகளை ஃபாலோ பண்ணவும் வேண்டாம்.

"போனுக்கு அடிமை" என்று எழுதக் கை துறுதுறுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யின் 11ஆம் பதிப்பில், 2022 முதல் நடைமுறையில் இருப்பது, கேமிங் கோளாறு என்று ஒன்று உண்டு. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகி, படிப்பும் வீடும் கெட்டும் விடமுடியாமல், பொதுவாக 12 மாதம் நீடிக்க வேண்டும். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் தாளில் நாலாவது கட்டத்தில் டிக் அடித்த பையன் அடிமை அல்ல, அவ்வளவுதான். நாற்பது பேரைப் பார்த்துவிட்டு 62.5 சதவீதம் என்று எழுதுவதும் வேண்டாம், 40ல் 25 பேர் என்று எழுதினால் படிக்கிறவருக்கு அளவு தெரியும்.

அம்மா சொன்னதும் பிள்ளை சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று அடித்துத் திருத்தாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "எம் பையன் போனே தொடமாட்டான்" என்ற அம்மாவும், ஃப்ரீ ஃபயரில் எத்தனையாவது லெவல் என்று சொல்கிற பையனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர் வேலைக்குப் போகிற நேரத்தைக் குறித்தால் இரண்டும் உண்மையாக இருப்பது தெரியும்.

ஆய்வேடு கல்லூரிக்குப் போகுமுன் இரண்டு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் சுருக்கி அதே பிள்ளைகளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். கடைசியாக நான் அப்படிப் போனபோது, சொந்தப் போன் இல்லாதவர்கள் ராத்திரி நெட் பார்க்க முடிவதில்லை என்று பெருமையாகப் படித்தேன். பின் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "சார், ஹாட்ஸ்பாட்ட விட்டுட்டீங்க. பக்கத்து வீட்டு அக்கா போட்டு விடுவாங்க, எங்க அண்ணனோட பழைய போன்ல சிம்மே இல்ல, அதுல பாப்பேன்." அந்தத் தெருவில் சிம் இல்லாத பழைய போன் எத்தனை இருக்கிறது என்று எண்ண எனக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை ஆனது.